தண்டுவடக் காய ஆய்வுக்கு விலங்கு மாதிரி: புதிதாகத் தொடங்குவோருக்கு

தண்டுவடத்தில் காயம் உண்டாக்குவது கண் இமைக்கும் நேரத்து வேலை. கருவியின் முனை இறங்கும், தொடும், மேலே ஏறிவிடும். அதன்பிறகு வரும் ஆறு முதல் எட்டு வாரங்களில்தான் சோதனை நடக்கிறது. எலி தேறுவது, பின்னங்கால் அசைவது, எடை தாங்குவது, அடியெடுத்து வைப்பது, கடைசியில் திசுவைச் சீவிப் பார்ப்பது எல்லாம் அந்த வாரங்களுக்குள் அடங்கும். புதிதாக வருபவர்கள் எந்தக் கருவி நல்லது என்றுதான் முதலில் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு எலியின் சிறுநீர்ப்பையை அழுத்திக் காலி செய்யப்போவது யார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அதற்குப் பெயர் எழுதிய பட்டியல் இல்லாத ஆய்வுக்கூடத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

இங்கே சொல்வதெல்லாம் எலியையும் சுண்டெலியையும் மையமாக வைத்தது. விலங்கு நெறிமுறைக் குழுவின் எழுத்துப்பூர்வ அனுமதி, கால்நடை மருத்துவரின் மேற்பார்வை, பழகிய ஒருவரின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட கை ஆகிய மூன்றும் இருக்கின்றன என்ற நம்பிக்கையில் எழுதுகிறோம். ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் சொன்ன மூன்று நெறிகள் இந்தத் துறைக்கு மிகவும் பொருந்தும்: முடிந்தால் விலங்கைத் தவிர்ப்பது, எண்ணிக்கையைக் குறைப்பது, வேதனையைக் குறைப்பது. காரணம் எளியது. இங்கே நாம் ஓர் உயிரை வேண்டுமென்றே முடமாக்குகிறோம். தெளிவில்லாத கேள்விக்காக அதைச் செய்வது தவறு.

முதலில் கேள்வி, பிறகு காயம்

ஒரே ஒரு வரியில் கேள்வியை எழுதிப் பாருங்கள். காயம்பட்ட திசு மேலும் சாகாமல் காப்பாற்ற முடியுமா என்பது ஒரு வகை. அறுந்த நரம்பிழை மீண்டும் வளருமா என்பது இரண்டாவது வகை. மிஞ்சியிருக்கும் இணைப்புகளைப் பயிற்சியாலோ மின்தூண்டலாலோ அதிகம் வேலை வாங்க முடியுமா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் மூன்று விதமான காயம் வேண்டும்.

திசுவைக் காப்பாற்றும் கேள்விக்கு மோதல் காயம் பொருத்தம். மனிதருக்கு விபத்தில் நேர்வதும் பெரும்பாலும் இதுதான். எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை நசுக்கும். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள டியூரா உறை பலருக்குக் கிழிவதில்லை. முதல் அடியில் செத்தது போக, அடுத்த மணி நேரங்களிலும் நாட்களிலும் இரத்தக்கசிவு, இரத்த ஓட்டக் குறைவு, குளூட்டமேட் என்ற நரம்புக் கடத்திப் பொருளின் பெருக்கம், அழற்சி எல்லாம் சேர்ந்து சேதத்தை வெளிப்பக்கமாகப் பரப்பும். இந்த இரண்டாம் கட்டச் சேதத்தைத்தான் மருந்தால் தடுக்கப் பார்க்கிறோம். வெட்டுக் காயத்தில் இந்தப் பரவல் குறைவு என்பதால் காப்பு மருந்தைச் சோதிக்க அது உதவாது.

நரம்பிழை வளர்ச்சிக்கு நேர்மாறான தேவை. எது அறுந்தது, எது அறுபடவில்லை என்பது ஐயமில்லாமல் தெரிய வேண்டும். முழுக் குறுக்குவெட்டு, பக்கவாட்டுப் பாதிவெட்டு, முதுகுப்புற வெட்டு, பெருமூளைப் புறணியிலிருந்து இறங்கும் பிரமிடு பாதையை மூளைத்தண்டின் அடியில் ஒரு பக்கம் மட்டும் வெட்டுவது ஆகியவை இதற்கானவை. மோதல் காயம் செய்துவிட்டு, காயத்துக்குக் கீழே நரம்பிழைகளைக் கண்டு "வளர்ந்துவிட்டது" என்று எழுதுவது இந்தத் துறையின் பழைய குழி. காயத்தின் ஓரமாகத் தப்பிப் பிழைத்த இழை எது, புதிதாக வளர்ந்த இழை எது என்று பார்வைக்குப் பிரித்தறிவது கடினம். ஸ்டூவர்ட், ஷெங், டெசியர்-லவீன் மூவரும் 2003இல் இதற்கென்றே அளவுகோல்களை வகுத்தார்கள். அதன் சாரத்தை மனதில் வையுங்கள். வளர்ந்த இழை பொதுவாகக் கோணலாக, கிளைவிட்டு, வழக்கமான பாதையை விட்டு விலகிப் போகும். பழைய பாதையிலேயே நேராக, வடுவைத் தொடாமல் ஓடும் இழையைத் தப்பிப் பிழைத்தது என்றே முதலில் எண்ண வேண்டும். காயம்பட்ட சில நாட்களிலேயே பல மில்லிமீட்டர் தாண்டிப் போயிருந்தாலும் சந்தேகம்தான், வளர்ச்சிக்கு அத்தனை வேகம் கிடையாது.

மூன்றாம் வகைக் கேள்விக்குப் பாதிவெட்டு வசதியானது. ஒரு பக்கம் காயம், மறுபக்கம் ஒப்பீடு. சிறுநீர்ப்பையும் சீக்கிரம் தேறிவிடும், விலங்குக்கும் வேதனை குறைவு.

அடியோடு நில்லாமல் தண்டுவடம் சற்று நேரம் அமுங்கியே இருப்பதைப் பற்றிக் கேட்பதானால் இந்த மூன்றுமே பொருந்தாது. அதற்குக் கிளிப், பலூன் மாதிரிகள் உள்ளன. அவற்றைக் கருவிகளோடு சேர்த்துப் பார்ப்போம்.

எந்த விலங்கு

எலியில் மோதல் காயம் சில வாரங்களில் நடுவில் நீர்க்குழியாகி, சுற்றிலும் நரம்புத்தாங்கு செல்களின் வடு எழும்பும். மனிதரிலும் ஏறக்குறைய இப்படித்தான். சுண்டெலியில் குழி விழாது. காயமே இணைப்புத் திசுவால் நிரம்பிச் சுருங்கிவிடும். ஆகவே குழியை நிரப்பும் பசைப்பொருள், செல் ஒட்டு போன்றவற்றைச் சுண்டெலியில் சோதித்தால் பதில் கிடைக்காது. சுண்டெலியின் பலம் மரபணுவில் இருக்கிறது. ஒரு மரபணுவை ஒரே வகைச் செல்லில் அணைக்க வேண்டுமானால் சுண்டெலிதான்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு. பெருமூளைப் புறணியிலிருந்து இறங்கும் முக்கியப் பாதை கொறிவிலங்குகளில் முதுகுப்புறக் கட்டின் அடியில் ஓடுகிறது. மனிதரிலும் குரங்கிலும் அது பக்கவாட்டுக் கட்டில் இருக்கிறது. எலி நடப்பதற்கு அந்தப் பாதை பெரிதாகத் தேவைப்படாது. மூளைத்தண்டிலிருந்து வரும் பாதைகளே நடையை நடத்தும். மனிதக் கைவிரலுக்கோ புறணிப் பாதை உயிர்நாடி. எலியின் நடை தேறியதை வைத்து மனிதரின் கை தேறும் என்று சொல்லிவிட முடியாது.

பெரும்பாலான கூடங்கள் 200 முதல் 250 கிராம் எடையுள்ள பெண் எலிகளையே எடுக்கின்றன. ஸ்ப்ராக்-டாலி, லாங்-எவன்ஸ், விஸ்டார் ஆகியவை வழக்கமான இனங்கள். பெண் எலியின் சிறுநீர்க் குழாய் குட்டை என்பதால் அழுத்திக் காலி செய்வது எளிது, அடைப்பும் தொற்றும் குறைவு. இது நமது வசதிக்கான காரணம். மனிதரில் தண்டுவடக் காயம் ஆண்களுக்கே அதிகம் என்பதை மறக்கக்கூடாது. கை பழகிய பிறகு ஆண் எலிகளையும் சேர்ப்பது நேர்மையான திட்டம்.

பெரிய விலங்குகளைப் பற்றிச் சுருக்கமாக. பன்றியின் தண்டுவடத் தடிமன் மனிதருடையதை நெருங்குவதால் மருந்தளவு, ஊசி ஆழம், கருவி அளவு ஆகியவற்றைச் சோதிக்க யுகடான் குட்டைப்பன்றி பயன்படுகிறது. டாஷ்ஹண்ட் போன்ற நாய்களுக்கு முள்ளெலும்பு இடைத்தட்டு தானாகவே பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கும். அந்த நாய்களுக்குச் சிகிச்சை தந்தபடியே ஆய்வும் நடத்தலாம், புதிய காயம் எதுவும் தேவையில்லை. எங்களுக்கு மிகவும் பிடித்த மாதிரி இதுதான். வரிக்குதிரை மீன் முழு வெட்டுக்குப் பிறகும் ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி நீந்தும். எந்தச் செல்கள் பாலம் கட்டுகின்றன என்று அறிய அது நல்ல ஆசிரியர், பாலூட்டியின் வடுவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

எந்த மட்டத்தில்

நடுமார்பு மட்டம், அதாவது டி8 முதல் டி10 வரை (சி என்றால் கழுத்து, டி மார்பு, எல் இடுப்பு; எண் மேலிருந்து வரிசை), தொடங்குவோருக்கு ஏற்றது. முன்னங்கால் நலமாக இருப்பதால் எலி தானே சாப்பிடும், தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும், மூச்சும் பாதிக்காது. இந்த மட்டத்தில் நரம்புச் செல்கள் உள்ள சாம்பல்பொருள் செத்தாலும் பின்னங்கால் அசைவில் அது தெரியாது. நரம்பிழைகள் ஓடும் வெண்பொருளில் எவ்வளவு மிஞ்சியது என்பதே நடையைத் தீர்மானிக்கிறது.

இதையே தண்டுவடத்தின் நான்கைந்து கண்டம், அதாவது பிரிவு, கீழே செய்தால் கதை மாறிவிடும். நடையின் தாளத்தை உண்டாக்கும் நரம்புச் சுற்று எலியின் மேல் இடுப்புக் கண்டங்களில், குறிப்பாக எல்1, எல்2 பகுதியில், இருக்கிறது. அங்கே சாம்பல்பொருள் கெட்டால் வெண்பொருள் எவ்வளவு மிஞ்சினாலும் எலி நடக்காது. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இங்கேதான், ஏனென்றால் முள்ளெலும்பின் எண்ணும் அதற்கடியில் உள்ள தண்டுவடக் கண்டத்தின் எண்ணும் ஒன்றல்ல. கீழே போகப்போக இடைவெளி கூடும். இடுப்புப் பருமன் முழுவதும் கடைசி விலா சேரும் டி13 முள்ளெலும்பின் அக்கம்பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே குறிப்பேட்டில் "டி9" என்று மட்டும் எழுதாமல் "டி9 முள்ளெலும்பு" என்று எழுதுங்கள்.

மனிதக் காயங்களில் கழுத்து மட்டம்தான் அதிகம். கை அசைவு, மூச்சு ஆகியவற்றைப் பற்றிய கேள்வியென்றால் சி5 மட்டத்தில் ஒரு பக்க மோதல், உதரவிதான நரம்புக்கு சி2 பாதிவெட்டு என்று போகலாம். இரண்டு பக்கமும் கடுமையாகக் கழுத்தில் காயப்படுத்துவது புதியவர் தொடக்கூடாத வேலை. டி6க்கு மேலே முழு வெட்டு என்றால் இரத்த அழுத்தம் திடீரென எகிறும் நிலை உருவாகும். சிறுநீர்ப்பையை அழுத்துவதே அதைத் தூண்டக்கூடும்.

கருவி

ஆல்ஃபிரட் ரெஜினால்ட் ஆலன் 1911இல் நாய்களின் திறந்த தண்டுவடத்தின் மேல் எடை விழச்செய்து இந்த முறையைத் தொடங்கினார். எடையையும் உயரத்தையும் பெருக்கினால் அடியின் அளவு என்பது அவர் கணக்கு. இன்றைய கருவிகள் அந்தக் கணக்கின் ஓட்டைகளை அடைக்க வந்தவை.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உருவான எடைவீழ்ச்சிக் கருவி 10 கிராம் தண்டை 6.25, 12.5, 25, 50 மில்லிமீட்டர் உயரங்களிலிருந்து விடும். தண்டின் பாதையைக் கணினி பதிவு செய்யும். இதில் பயம், தண்டு இரண்டாம் முறை துள்ளி அடிப்பது. விசையைக் கட்டுப்படுத்தும் இன்ஃபினிட் ஹொரைசன் கருவியில் முனை தண்டுவடத்தில் பட்டு, குறித்த விசை வந்ததும் தானே பின்வாங்கும். எலிக்கு 2.5 மில்லிமீட்டர் முனையும் 150 முதல் 200 கிலோடைனும், சுண்டெலிக்கு 1.3 மில்லிமீட்டர் முனையும் 50 முதல் 70 கிலோடைனும் வழக்கம். 200 கிலோடைன் என்பது 2 நியூட்டன். சுமார் 200 கிராம் எடை அமுக்கும் விசை. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மின்காந்தக் கருவி, தண்டுவடம் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்பதைக் கட்டுப்படுத்துகிறது. மூன்றில் எது சிறந்தது என்ற வாதத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒன்றைக் கற்று, அதன் வரைகோட்டைப் படிக்கப் பழகுங்கள்.

வரைகோடு என்றால் விசை நேரத்தோடு ஏறி இறங்கும் படம். நல்ல அடியில் ஒரே மலை, வழவழப்பான ஏற்றம், கூர்மையான உச்சி. ஏற்றத்தின் நடுவில் ஒரு சிறு திண்டு தெரிந்தாலோ, குறித்த விசை வந்தும் அமுக்கம் மிகக் குறைவாக இருந்தாலோ முனை எலும்பின் விளிம்பில் பட்டிருக்கிறது. எலும்பு விசையை வாங்கிக்கொண்டது, தண்டுவடம் தப்பிவிட்டது. உச்சி தட்டையாக, கோடு அலையலையாக இருந்தால் முள்ளெலும்பைப் பிடித்த கவ்வி நழுவியிருக்கிறது. இந்தப் படத்தை ஒவ்வொரு விலங்குக்கும் சேமித்து வையுங்கள்.

அமுக்க மாதிரியில், ரிவ்லினும் டேட்டரும் 1978இல் அறிமுகப்படுத்திய கிளிப் முறை இன்றும் நிற்கிறது. மூளை இரத்தநாளத்துக்கான கிளிப்பை மாற்றியமைத்து, அளந்த இறுக்கத்தில் தண்டுவடத்தை முன்னும் பின்னும் ஒரு நிமிடம் கவ்வ வைப்பார்கள். அடியும் அமுக்கமும் சேர்ந்து வருவதால் மனிதக் காயத்துக்கு நெருக்கம். சிக்கல் என்னவென்றால், தண்டுவடத்தின் அடிப்பக்கம் வழியே கிளிப்பின் தாடையை நுழைக்கும்போது நரம்பு வேர்களைக் கிழித்துவிட வாய்ப்பு அதிகம். கிளிப்பின் வில்லும் பயன்படுத்தப் பயன்படுத்தத் தளரும். அவ்வப்போது இறுக்கத்தை அளந்து பார்க்க வேண்டும். பலூன் முறையில் எலும்பை அதிகம் எடுக்காமல் நுனியில் பலூன் உள்ள, 2 பிரெஞ்சு அளவு ஃபோகார்ட்டி குழாயை டியூராவுக்கு வெளியே நுழைத்து 15 முதல் 20 மைக்ரோலிட்டர் திரவத்தால் 5 நிமிடம் ஊதிவைப்பார்கள். குழாயில் ஒரு காற்றுக்குமிழி இருந்தால் போதும், கொள்ளளவு பொய்யாகிவிடும்.

அறுவை நாள்

மயக்க மருந்தைத் தேர்வதே ஒரு முடிவு. கீட்டமின், சைலசின் கலவை எலிக்குக் கிலோவுக்கு 80 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்ற அளவில் வயிற்றறைக்குள் செலுத்தப்படுகிறது. ஆனால் கீட்டமின் குளூட்டமேட்டின் ஒரு வகை ஏற்பியையே அடைக்கும் மருந்து. நீங்கள் சோதிக்கும் காப்பு மருந்தும் அதே வழியில் வேலை செய்தால் ஒப்பீட்டுக் குழுவும் பாதிக் காப்பு பெற்றுவிடும். ஐசோஃப்ளூரேனில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் இரத்த அழுத்தம் இறங்கும். எதைத் தேர்ந்தாலும் ஆய்வு முடியும்வரை மாற்றாதீர்கள்.

1. மயக்கம் வந்ததும் எலியின் கண்ணில் களிம்பிட்டு, முதுகு மயிரை வழித்து, தோலை மூன்று முறை கிருமிநாசினியால் துடையுங்கள். வலிநிவாரணி முதல் வெட்டுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

2. மலக்குடலில் வெப்பமானி வைத்து 37 டிகிரி செல்சியஸில் நிறுத்துங்கள், அரை டிகிரிக்கு மேல் ஏறி இறங்க விடாதீர்கள். உடல் குளிர்ந்தால் தண்டுவடம் காப்பாற்றப்படும். காலையில் முதலில் அறுக்கப்பட்ட எலிக்கும் மாலையில் கடைசியாக அறுக்கப்பட்ட எலிக்கும் முடிவு வேறுபட்டால் முதலில் வெப்பத் தட்டைச் சந்தேகியுங்கள்.

3. பின்னங்காலைக் கிள்ளிப் பாருங்கள். இழுத்தால் காத்திருங்கள். வலி உணரும் விலங்கின் மேல் கத்தி படவே கூடாது.

4. டி2 முள்ளெலும்பின் முதுகுமுள் மற்றவற்றைவிட உயரமாகக் கைக்குத் தட்டுப்படும். அதிலிருந்து கீழே எண்ணுங்கள். கடைசி விலாவிலிருந்து மேலேயும் எண்ணி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு முள்ளெலும்பு தவறினாலும் மொத்தக் குழுவின் சிதறலும் கூடும்.

5. நடுக்கோட்டில் தோலை வெட்டி, தசையை எலும்பை ஒட்டியே இரு பக்கமும் ஒதுக்குங்கள். தசையை ஊடறுத்தால் இரத்தம் நிற்காது.

6. டி9 முள்ளெலும்பின் மேல் வளைவை ரான்ஜர் எனப்படும் எலும்பு கடிக்கும் இடுக்கியால் சிறுசிறு துண்டாக எடுங்கள். இடுக்கியின் கீழ்த்தாடை எப்போதும் எலும்பின் உட்பரப்பை ஒட்டி மேல்நோக்கி இருக்க வேண்டும். அது கீழே சாய்ந்தால் கருவி இறங்குவதற்கு முன்பே நீங்கள் ஒரு காயம் செய்துவிட்டீர்கள். திறப்பு முனையைவிட எல்லாப் பக்கமும் சற்றுப் பெரிதாக, வட்டமாக இருக்கட்டும். டியூரா பளபளப்பாக, நடுவில் நீலநிற நாளம் ஓட, மூச்சோடு மெல்ல எழுந்து தாழ்வது தெரிய வேண்டும்.

7. டி8, டி10 முதுகுமுட்களைக் கவ்வியால் பிடித்து, முதுகு கிடைமட்டமாக இருக்கும்படி தூக்கி நிறுத்துங்கள். விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். முள்ளெலும்பு அசைந்தால் மறுபடி பிடியுங்கள். நெஞ்சு மேசையில் அழுந்தியிருந்தால் மூச்சசைவு தண்டுவடத்தை மேலும் கீழும் நகர்த்தும்.

8. முனையை நடுநாளத்தின் மேல் நேராக நிறுத்தி, தொடுமளவு இறக்கி, கருவியில் குறித்தபடி சற்றே உயர்த்தி, அடியை விடுங்கள். பின்னங்கால்கள் ஒரு துடிப்புத் துடித்து வால் சுண்டும். அடிபட்ட இடத்தில் சில நொடியில் சீரான கருஞ்சிவப்பு வட்டம் பரவும். ஒரு பக்கம் மட்டும் சிவந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். டியூரா கிழிந்திருந்தால் அதையும்.

9. தசையையும் தோலையும் தனித்தனி அடுக்காகத் தையுங்கள். எலிக்கு 5 முதல் 10 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான உப்புநீரும் சுண்டெலிக்கு 1 மில்லிலிட்டர் வரையும் தோலுக்கடியில் செலுத்தி, விழிக்கும்வரை வெப்பத்தில் வையுங்கள்.

போலி அறுவைக் குழுவுக்கு ஆறாம் படி வரை எல்லாம் அப்படியே, ஏழாம் படிக் கவ்வியும் உட்பட. அடி மட்டும் கிடையாது. இந்தக் குழுவில் ஒரு எலி மறுநாள் தள்ளாடினால் உங்கள் இடுக்கி தண்டுவடத்தைத் தொடுகிறது என்று பொருள். போலி அறுவை எலிகள் தொடர்ந்து இயல்பாக நடக்கும்வரை உண்மையான ஆய்வைத் தொடங்காதீர்கள்.

சிறுநீர்ப்பை

காயம்பட்ட அன்று மாலையிலிருந்தே எலியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. முதல் வாரம் நாளைக்கு மூன்று முறை, அதன்பின் இரண்டு முறை கையால் காலி செய்ய வேண்டும். மிதமான மோதல் காயத்தில் ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் அனிச்சையாகக் காலியாகும் பழக்கம் திரும்பிவிடும். சுண்டெலிகளில் பலவற்றுக்கு ஆய்வு முடியும் நாள் வரை கையால்தான்.

எலியை ஒரு துணியில் தளர்வாகச் சுற்றி, தலையை உங்கள் முழங்கைப் பக்கம் வைத்துப் பிடியுங்கள். மற்றக் கையின் கட்டைவிரலும் முதலிரு விரல்களும் அடிவயிற்றின் இரு பக்கமும் போகட்டும். நிறைந்த சிறுநீர்ப்பை திராட்சைப்பழம் போல, உருண்டு, இறுகி, விரலுக்கிடையில் நழுவும். சுண்டெலியில் பட்டாணி அளவு. பிடி கிடைத்ததும் மேலிருந்து வால் பக்கமாக மெல்ல அழுத்தத்தைக் கூட்டிப் பிடித்துக்கொண்டே இருங்கள். ஒரே அழுத்தாக நசுக்கக்கூடாது. வெளிவாய்த் தசை சில நொடி எதிர்த்துவிட்டுத் தளரும், அப்போது சிறுநீர் கோடாக வரும். நின்றதும் கையை எடுத்துவிடாமல் மறுபடி ஒருமுறை தடவிப் பாருங்கள். மிச்சம் தேங்கினால்தான் தொற்று வருகிறது.

சிறுநீரை வெள்ளைத் தாளில் பாருங்கள். முதல் ஓரிரு நாள் இளஞ்சிவப்பாக வரலாம். மூன்றாம் நாளுக்குப் பிறகும் இரத்தம் வந்தாலும், பால்போல் கலங்கினாலும், நாற்றம் மாறினாலும் தொற்று; கால்நடை மருத்துவர் சொல்லும் ஆன்டிபயாடிக்கை அன்றே தொடங்க வேண்டும். ஆண் எலியில் குழாயின் வாயில் மெழுகுபோன்ற அடைப்பு வரும். அதை எடுக்காமல் அழுத்தினால் சிறுநீர்ப்பை வெடித்துவிடும்.

இதில் தவறினால் என்ன ஆகும்? சிறுநீரகம் வீங்கும், எலி காய்ச்சலில் சோர்ந்து நடக்காது, நடை மதிப்பெண் இறங்கும். மருந்து பலிக்கவில்லை என்று நீங்கள் எழுதுவீர்கள். உண்மையில் பலிக்காதது கவனிப்பு.

கூண்டில் மென்மையான தாள்படுக்கை போடுங்கள். மரத்தூள் காயத்தில் ஒட்டும். நனைத்த தீனியைத் தரையிலேயே வையுங்கள், தண்ணீர்க் குழாய் நீண்டு தாழ்ந்திருக்கட்டும். ஓர் எலியைத் தனியாக அடைக்காமல் இரண்டாக வைத்தால் சீக்கிரம் தேறும். வலிநிவாரணியாக பியூப்ரினார்பினைக் கிலோவுக்கு 0.01 முதல் 0.05 மில்லிகிராம் அளவில் 8 முதல் 12 மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று நாள் தொடர்வது வழக்கம். முதல் இரண்டு வாரம் தினமும் எடை பாருங்கள். முதல் வாரத்தில் எடை கொஞ்சம் குறையும். தொடக்க எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் போனாலும், தன் விரலையோ பாதத்தையோ கடித்துத் தின்னத் தொடங்கினாலும், அடிவயிறு சிறுநீரில் வெந்து புண்ணானாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். கருணைமுடிவுக்கான எல்லை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். முன்னே நிற்கும் எலியைப் பார்த்து அந்த நேரத்தில் முடிவெடுக்க முயன்றால் "இன்னும் ஒரு வாரம் தாங்கினால் தரவு கிடைக்குமே" என்ற எண்ணம் குறுக்கே வரும்.

நடையை அளப்பது

எலிக்கு பிபிபி அளவுகோல்: பாஸோ, பீட்டி, பிரெஸ்னஹான் மூவரும் 1995இல் வெளியிட்டது, 0 முதல் 21 வரை. சுண்டெலிக்கு 2006இல் வந்த பிஎம்எஸ், 0 முதல் 9 வரை. அறுவைக்கு முன்பே எலியைத் திறந்த வட்டத் தொட்டியில் சில நாள் பழக்குங்கள். பழகாத எலி மூலையில் ஒடுங்கி உட்கார்ந்துவிடும். சோதனை 4 நிமிடம். எதிரெதிரே இருவர் உட்கார்ந்து, எந்த எலி எந்தக் குழு என்று தெரியாமல் பார்க்க வேண்டும். அடிபட்ட மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு வாரம் ஒருமுறை ஆறு வாரம் வரை.

சோதனைக்கு முன் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிடுங்கள். நிறைந்த வயிற்றோடு எலி நேராக நடக்காது, அழுத்தும்போது வரும் அனிச்சை அசைவும் அதற்குள் அடங்கிவிடும்.

மதிப்பெண்ணில் 8க்கும் 12க்கும் நடுவில்தான் கண் பழக வேண்டும். 9 என்றால் நிற்கும்போது மட்டும் பாதம் பதிந்து எடை தாங்குகிறது, அல்லது பாதத்தின் மேற்பக்கத்தால் எடை தாங்கி அடிவைக்கிறது. 10 என்றால் பாதம் பதித்த அடிகள் எப்போதாவது, 11 என்றால் அடிக்கடி அல்லது எப்போதும். 12இல் முன்னங்காலும் பின்னங்காலும் எப்போதாவது ஒத்துழைக்கின்றன. "எப்போதாவது" என்பது பாதிக்கு மிகாமல், "எப்போதும்" என்பது 95 விழுக்காட்டுக்குக் குறையாமல். எடை தாங்குவதை முகத்துக்கு நேரே பார்க்காதீர்கள். பக்கவாட்டில் தரைமட்டத்துக்குக் குனிந்து, அடிவயிறு தரையிலிருந்து எழும்புகிறதா, தொடைத்தசை இறுகுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த எண்கள் வரிசையைக் காட்டுபவை. 8க்கும் 10க்கும் உள்ள தூரமும் 16க்கும் 18க்கும் உள்ள தூரமும் சமமல்ல. வெறும் சராசரியோடு நின்றுவிடாமல் எத்தனை எலி எடை தாங்கியது, எத்தனை எலி ஒத்திசைந்தது என்றும் எண்ணிச் சொல்லுங்கள்.

முழுவதும் வெட்டப்பட்ட எலியும் பின்னங்காலை அசைக்கும், பயிற்சி கொடுத்தால் அடிகூட எடுக்கும். அது தண்டுவடத்தின் சொந்தத் தாளம். அசைவு திரும்பியது என்பதற்காக மூளையோடு தொடர்பு திரும்பியது என்று எழுதக்கூடாது. இன்னொரு பக்கம், வெண்பொருளில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சினாலே எலி நடக்கத் தொடங்கிவிடும். ஆகவே மிதமான காயத்தில் நீங்கள் ஒன்றுமே கொடுக்காமல் விட்டாலும் எலி ஓரளவு தேறும். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் எந்த மருந்தும் அற்புத மருந்தாகத்தான் தெரியும். கிடை ஏணியில் கால் தவறும் எண்ணிக்கை, கம்பிவலை நடை, முன்னங்காலுக்கு உருளைச் சோதனை என்று இன்னும் ஒன்றையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய இழையால் தொட்டும் வெப்பத்தால் தூண்டியும் பாதத்தின் உணர்வை அளப்பது அவசியம். நடை தேறி வலி கூடிய சிகிச்சையை வெற்றி என்று யாரும் ஏற்கமாட்டார்கள்.

குலுக்கலும் விலக்கலும்

எந்த எலி எந்தக் குழு என்பதை அடிக்கு முன்னால் தீர்மானிக்கக்கூடாது. அடி முடிந்து, வரைகோடு சரிபார்த்து, மருந்து கொடுக்கும் நேரத்தில் குலுக்குங்கள். மருந்துச் சீசாவில் எழுத்து மட்டும் இருக்கட்டும், அதன் பொருள் வேறொருவரிடம். விலக்கும் விதிகளை முதல் அறுவைக்கு முன்பே எழுதி நாளிடுங்கள்: விசை குறித்த அளவிலிருந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் விலகியவை, எலும்பில் பட்ட அடிகள், மறுநாளே பிபிபி 3க்கு மேல் வாங்கியவை. எதை எத்தனை விலக்கினீர்கள் என்பதைக் கட்டுரையில் சொல்லிவிடுங்கள்.

எலி எண்ணிக்கையைச் சொந்தக் கூடத்தின் சிதறலை வைத்துக் கணக்கிடுங்கள். மிகக் குறைவான எலிகளை வைத்துச் செய்து ஒன்றும் தெரியாமல் போவதும் விலங்கை வீணாக்குவதுதான். ஒவ்வோர் எலியும் ஓர் எண்ணிக்கை. ஓர் எலியின் முப்பது சீவல்கள் முப்பது எண்ணிக்கை ஆகாது.

மருந்து நேரத்தையும் நேர்மையாக வையுங்கள். அடி விழுந்த ஐந்தாம் நிமிடம் மருந்து கொடுத்தால் பலன் தெரியலாம், எந்த நோயாளிக்கும் ஐந்தாம் நிமிடம் மருந்து கிடைக்கப்போவதில்லை. மனிதரில் நடத்தி 1990இல் வெளியான மெத்தில்பிரெட்னிசலோன் மருந்துச் சோதனையில்கூட எட்டு மணி நேரம்தான் எல்லையாக வந்தது. அமெரிக்காவின் தேசிய நரம்பியல் நோய்கள், பக்கவாத நிறுவனம் பணம் கொடுத்து முந்தைய தண்டுவடச் சோதனைகளை அப்படியே திரும்பச் செய்யவைத்தபோது, பெரும்பாலானவற்றின் முடிவு மீண்டும் கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் 2014இல் தண்டுவடக் காய ஆய்வுகளில் குறைந்தபட்சம் எதையெல்லாம் எழுத வேண்டும் என்ற மயாஸ்கி பட்டியல் வந்தது. அறுவைக்கு முன்பே அதை அச்சிட்டு எதிரில் ஒட்டிவைத்தால் எந்த விவரத்தைக் குறிக்க மறந்தீர்கள் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

திசு

ஆழ்ந்த மயக்கத்தில் இதயம் வழியே முதலில் உப்புநீர், கல்லீரல் வெளுத்ததும் 4 விழுக்காடு பாராஃபார்மால்டிஹைடு. தண்டுவடத்தை எடுத்து, ஓர் இரவு அதே திரவத்தில், பிறகு 30 விழுக்காடு சர்க்கரைக் கரைசலில் அடியில் மூழ்கும்வரை வையுங்கள். காயத்தின் மையத்திலிருந்து மேலும் கீழும் 5 மில்லிமீட்டர் எடுத்து 20 மைக்ரோமீட்டர் சீவல்கள் செய்தால் போதும். எரியோகுரோம் சயனின் சாயத்தில் நரம்பிழையின் உறையான மயலின் நீலமாகும். நீலம் மிகக் குறைவாக உள்ள சீவலே மையம். அங்கே மிஞ்சிய நீலப் பரப்பை நடை மதிப்பெண்ணோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத எலியைத் தனியாக எடுத்து அதன் வரைகோட்டையும் சிறுநீர்க் குறிப்பையும் புரட்டுங்கள்.

முழு வெட்டு என்றால் வெட்டுக்குக் கீழே செரட்டோனின் உள்ள இழைகளைக் காட்டும் சாயமிட்டுப் பாருங்கள். அந்த இழைகள் மூளைத்தண்டிலிருந்து மட்டுமே இறங்குகின்றன என்றே கொள்ளலாம். கீழே பரவலாகத் தெரிந்தால் வெட்டு முழுமையில்லை, அந்த எலியின் "மீட்சி" கணக்கில் சேராது.

விலக்கிய எலிகளின் தண்டுவடத்தையும் எறியாமல் சீவிப் பாருங்கள். எலும்பில் பட்ட முனை எந்தப் பக்கத்தை மட்டும் நசுக்கியது என்பது அதில் தெரிந்துவிடும். அடுத்த அறுவையில் கவ்வியை எந்தப் பக்கம் திருத்திப் பிடிக்க வேண்டும் என்பதும்.